பிலிப்பைன்ஸ் சாப்பாடு நம் நாக்குக்கு ஒத்துவருமா?

கேள்வி இதுதான்: வேலை மாற்றலில் இரண்டு வருடம் மணிலா போக வேண்டும், அங்கே அன்றாடம் என்ன சாப்பிடுவார்கள், தெருக்கடையில் எதை நம்பி வாங்கலாம், தேடினால் வாத்துக்கரு முட்டை வீடியோவாகவே வருகிறதே, நம் நாக்குக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் முதல் மாதம் "என்ன இது, உறைப்பே இல்லையே" என்று புலம்புவீர்கள். மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். ஆரம்பத்தில் ஆவக்காய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். அப்புறம்தான் உறைத்தது: நான் அந்தச் சாப்பாட்டில் மிளகாயைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர்கள் சமையலோ புளிப்பை நம்பி நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வாத்து முட்டைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் சோறு. நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் இருக்கிறதல்லவா? மணிலாப் பக்கம் பேசும் தகாலோக் மொழியில் நெல்லுக்கு பலாய், அரிசிக்கு பிகாஸ், சோற்றுக்கு கானின். மூன்று வேளையும் சோறுதான். சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிற எதுவானாலும், குழம்போ வறுவலோ பொரித்த மீனோ, அதற்கு ஊலாம் என்று பெயர். "இன்றைக்கு என்ன ஊலாம்?" என்பது நம் வீட்டு "என்ன குழம்பு?" போலத் தினமும் காதில் விழும். காலையிலேயே, முந்தின நாள் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி சினங்காக் என்று தருவார்கள். அதோடு ஒரு முட்டை, ஒரு துண்டு இறைச்சி. தாப்பா என்ற மாட்டிறைச்சி வைத்தால் தாப்சிலோக், லொங்கனிசா என்ற தொத்திறைச்சி வைத்தால் லொங்சிலோக். பெயர்களை வெட்டி ஒட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

மதியத்துக்கு ஆபீஸ் பக்கத்தில் காரிந்தேரியா என்ற சிறு சாப்பாட்டுக் கடை கட்டாயம் இருக்கும். வரிசையாகப் பானைகள். மூடியைத் திறந்து பார்த்து, விரலால் காட்டினால் போதும். அதனாலேயே இவற்றுக்கு துரோ-துரோ, அதாவது "காட்டு-காட்டு", என்றும் பெயர். மொழி தெரியாத முதல் வாரத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்தப் பானைகளில் ஒன்று நிச்சயம் அடோபோவாக இருக்கும். பெயர் ஸ்பானியர்கள் வைத்தது. சமையல் அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. 1613-இல் அச்சான தகாலோக் அகராதியில் பெட்ரோ டி சான் புவெனவெந்துரா என்ற பாதிரியார் இதை "இந்நாட்டார் அடோபோ" என்று குறித்திருக்கிறார். தங்கள் ஊர் அடோபோ மாதிரியே இருக்கிறதே என்று அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். சூட்டு நாட்டில் இறைச்சி கெடாமல் இருக்க வினிகரில் வேகவைத்தார்கள், விஷயம் அவ்வளவுதான். சீன வியாபாரிகளிடமிருந்து சோயா சாஸ் பின்னால் வந்து சேர்ந்தது. சோயா இல்லாத வெள்ளை அடோபோவும் உண்டு; பத்தாங்காஸ் பக்கம் மஞ்சள் போட்டுச் செய்வார்கள்; தேங்காய்ப்பால் ஊற்றுகிற ஊர்களும் உண்டு.

எங்கள் வாடகை வீட்டுக்காரம்மா அடோபோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோழித் துண்டுகள், தட்டிப் போட்ட ஒரு முழுப் பூண்டு, முழு மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை, சோயா, வினிகர். அடுப்பில் வைத்ததும் நான் பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்தேன். கையில் ஒரு தட்டு விழுந்தது. வினிகர் ஊற்றிய பிறகு அது ஒரு கொதி வரும்வரை கிளறவும் கூடாது, மூடவும் கூடாது. மூடினால் காட்டம் உள்ளேயே தங்கி, பச்சை வாடை போகாது என்பார்கள். கொதி வந்து மூக்கைத் துளைக்கிற அந்த நெடி அடங்கிய பிறகுதான் கரண்டிக்கு வேலை. குழம்பு சுண்டி எண்ணெய் பிரியும்போது இறக்குவார்கள். அன்றைக்கு நன்றாக இருக்கும். மறுநாள், நம் மீன் குழம்பு மாதிரி, இன்னும் நன்றாக இருக்கும்.

வினிகர் என்றதும் நம்மூர் மளிகைக் கடையில் விற்கும் வெள்ளை பாட்டிலை நினைக்காதீர்கள். அவர்கள் அதை சுகா என்பார்கள். தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு எடுத்தது ஒன்று, வடக்கே இலோக்கோஸில் கரும்புச் சாற்றில் செய்த கறுத்த சுகா ஒன்று, நீப்பா என்ற சதுப்பு நிலப் பனையின் பதநீரில் செய்தது ஒன்று. இலங்கைத் தமிழர்களுக்குத் தென்னை வினாகிரி பழக்கம்தான். அவர்களுக்கு முதல் நாளே பிடித்துவிடும். நமக்கு ஒரு வாரம் ஆகும்.

நம் நாக்கு உடனே தலையாட்டுகிற பண்டம் சினிகாங். சம்பாலோக் என்றால் புளி. பழுத்த புளியைக் கரைப்பதில்லை, பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பன்றி விலா, இறால் அல்லது மீனைப் போடுகிறார்கள். கூடவே முள்ளங்கி, காராமணிக் காய், கத்திரிக்காய், நீளப் பச்சை மிளகாய், கடைசியில் வள்ளைக்கீரை. சேப்பங்கிழங்கு ஒன்றிரண்டு கரைந்து தண்ணீருக்குக் கொஞ்சம் கெட்டி கொடுக்கும். பருப்பும் இல்லை தாளிப்பும் இல்லை, ஆனாலும் முதல் வாயிலேயே ரசம் நினைவுக்கு வரும். புளிக்குப் பதில் பிலிம்பிக்காய், கொய்யா, மாங்காய் என்று ஊருக்கு ஊர் மாற்றுவார்கள். மணிலாவில் பெரும்பாலான வீடுகளில் இப்போது பாக்கெட் பொடிதான். மழை நாளில் இதையும் சுடுசோறையும் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்காது.

ஆனால் இரண்டையும்விட முக்கியமான ஒன்று சட்டியிலேயே இல்லை. சவ்சவான் என்ற தொட்டுக்கொள்ளும் கிண்ணம். சாப்பாட்டு மேசையில் சுகா, சோயா, பாத்திஸ் என்ற மீன் சாறு, அரிந்த மிளகாய், கலமன்சி என்ற குட்டி எலுமிச்சை எல்லாம் இருக்கும். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய கணக்கில் கலந்துகொள்வார்கள். நம் வீட்டில் குழம்பில் உப்புப் போட்டுக்கொண்டால் சமைத்தவர் முகம் சுருங்கும். அங்கே எதையும் கலக்காமல் சாப்பிட்டால்தான் "பிடிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். சமையலில் பாதியைச் சட்டியில் முடித்து, மீதியைத் தட்டில் நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். நான் சப்பென்று இருக்கிறது என்று புலம்பிய மாதம் முழுக்க, அந்தக் கிண்ணத்தை அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன்! சிலிங் லபுயோ என்ற ஊசி மிளகாய் இரண்டை சோயாவில் நசுக்கி, நான்கு கலமன்சி பிழிந்து பாருங்கள். ஆவக்காய் பாட்டில் வீட்டிலேயே இருக்கும்.

உண்மையிலேயே காரம் வேண்டுமென்றால் பிகோல் பகுதிச் சமையலைக் கேளுங்கள். காய்ந்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு வேகவைத்த லாயிங், பன்றி இறைச்சியும் கைப்பிடி மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பிகோல் எக்ஸ்பிரஸ். இரண்டாவதுக்கு மணிலாவிலிருந்து பிகோலுக்கு ஒரு காலத்தில் ஓடிய ரயிலின் பெயர்.

பம்பாங்கா மாகாணம் சமையலுக்குப் பேர்போனது. சிசிக் அங்கிருந்து வந்தது. 1732-இல் டியேகோ பெர்கானோ தொகுத்த அகராதியில் சிசிக் என்பது பச்சைப் பப்பாளியிலோ கொய்யாவிலோ செய்த புளிப்புக் கலவை, அதில் இறைச்சியே இல்லை. பின்னாளில் கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பன்றித் தலைகளை வாங்கி, காது, கன்னத்தை வேகவைத்து, சுட்டு, பொடியாக அரிந்து சுகாவும் வெங்காயமும் சேர்த்தார்கள். 1974 வாக்கில் ஆங்கெலெஸ் நகரில் ரயில் பாதையோரம் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற அம்மாள் அதைப் பிரபலமாக்கினார். இன்றைக்குக் கொதிக்கும் இரும்புத் தட்டில் சுரீரென்று வரும் சிசிக் அந்த வழி வந்ததுதான். பன்றி சாப்பிடுகிறவர் என்றால் அடோபோவுக்கு அடுத்து இதுதான். செபு தீவின் லெச்சோன், அதாவது வயிற்றில் எலுமிச்சைப் புல் திணித்துக் கரியில் சுழற்றிச் சுட்ட முழுப் பன்றி, கல்யாணம் காட்சிக்கு வரும்; காத்திருங்கள்.

சரி, நமக்கும் அவர்களுக்கும் சாப்பாட்டில் உறவு உண்டா? சில இடங்களில் திடுக்கிடும்படி உண்டு. கரே-கரே என்று ஒன்று: மாட்டு வாலும் காய்களும் வறுத்த நிலக்கடலை அரைத்த செம்மஞ்சள் குழம்பில் வேகும், தொட்டுக்கொள்ள பாகூங் என்ற இறால் விழுது. 1762-இல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அந்தப் படையில் போன நம் சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். ஊர்க் கறிக்கு ஏங்கி, கையில் கிடைத்ததை வைத்து அவர்கள் செய்ததே கரே-கரே, "கறி"தான் கரே ஆனது என்று பலர் சொல்வார்கள். கரே-கரே தங்கள் ஊர்ப் பண்டம் என்கிற பம்பாங்காக்காரர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சிப்பாய்கள் தங்கியது வரலாறு. குழம்புக் கதைக்கு அந்த அளவு சான்று இல்லை. எனக்கென்னவோ வாயில் வைத்தபோது கறியின் நினைப்பே வரவில்லை.

பூத்தோ விஷயம் வேறு. அது ஆவியில் வேகவைத்த அரிசிப் பண்டம். பெயரைக் கேட்டதும் புட்டு நினைவுக்கு வருகிறதல்லவா, மலாய்க்காரர்களும் புத்து என்கிறார்கள். சாதாரண பூத்தோ பார்வைக்குக் குட்டி இட்லி மாதிரி, லேசான இனிப்போடு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை நடக்கும். நான்கு மணிக்குக் கோயில் வாசலில் பூத்தோ பும்போங் விற்பார்கள். பும்போங் என்றால் மூங்கில் குழாய். ஊதா நிற அரிசி மாவை ஒரு சாண் மூங்கிலில் நிரப்பி, ஆவி வரும் துளை மேல் நிறுத்துவார்கள். மூங்கில் வாயில் புகை கிளம்பியதும் வாழை இலையில் தட்டினால், நீளமாக ஒரு ஊதாப் புட்டு வந்து விழும். மேலே துருவிய தேங்காய், நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய். குளிரில் நின்றபடி முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பக்கத்திலிருந்தவரிடம் "இது எங்கள் வீட்டுப் பண்டம்" என்றேன். அவர் நம்பவில்லை.

இன்னும் சில: பச்சைப் பப்பாளி ஊறுகாய்க்கு அச்சாரா என்று பெயர். யாழ்ப்பாணத்து ராசவள்ளிக்கிழங்குதான் அவர்களுடைய ஊபே; ஐஸ்கிரீம் முதல் ரொட்டி வரை எல்லாவற்றிலும் அந்த ஊதாவைச் சேர்த்துவிடுவார்கள். முருங்கைக்கீரைக்கு மலுங்காய். இஞ்சி போட்ட கோழிச் சாறான தினோலாவில் அது தவறாமல் விழும், காய்ச்சல்காரர்களுக்கு அதுதான் பத்தியம். சந்தையில் பெரிய வெங்காயம் வேண்டுமென்றால் "சிபுயாஸ் பம்பாய்" என்று கேளுங்கள். நாம் அதைப் பல்லாரி என்கிறோம், அவர்கள் பம்பாய் என்கிறார்கள். பாவம், அதற்குச் சொந்த ஊர் என்று ஒன்றே இல்லை போலிருக்கிறது.

இனி தெரு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் மெரியெந்தா, நம் டிபன் நேரம். தள்ளுவண்டிகள் கிளம்பிவிடும். கரி அடுப்பு வண்டியில் எல்லாமே குச்சியில் கோத்தவை, பெயர்கள்தான் வேடிக்கை. கோழிக்கால் அடிடாஸ். கட்டியாக்கிச் சதுரமாக வெட்டிய ரத்தம் பீட்டாமேக்ஸ், பழைய வீடியோ கேசட் வடிவம் என்பதால். கோழித்தலை ஹெல்மெட், பன்றிக்காது வாக்மேன். கேசட்டும் வாக்மேனும் போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள்கூட இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். இவற்றில் ராஜா இசாவ்: சுத்தம் செய்து வேகவைத்த கோழிக்குடலை வளைத்து வளைத்துக் கோத்துச் சுட்டது. ஆட்டுக்குடல் சாப்பிடுகிற ஊரிலிருந்து வந்தவருக்கு இதில் தயங்க ஒன்றுமில்லை. சுகாவில் முக்கி, சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

எண்ணெய்ச் சட்டி வண்டியில் மீன் உருண்டையான ஃபிஷ்பால், மீன் விழுதை நீளமாக உருட்டிய கிகியாம், குவெக்-குவெக். கடைசியாகச் சொன்னது நம் முட்டை போண்டாவின் தம்பி. காடை முட்டையை ஆரஞ்சு நிற மாவில் முக்கிப் பொரித்தது. கோழி முட்டையில் செய்தால் டோக்னெனெங். சட்டியிலிருந்து நீங்களே குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டு, எத்தனை எடுத்தீர்கள் என்று கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் நம்பித்தான் வாங்கிக்கொள்வார். சாஸ் ஜாடியில் ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லோரும் ஒரே ஜாடியில் முக்குகிற வண்டியில், கடித்த குச்சியை மறுபடி முக்குகிறவரும் இருப்பார். நான் இதற்கு விலையாக இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். கரண்டி போட்டு ஊற்றிக்கொள்ளும் வண்டியாகப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருக்கிறதா என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் இருக்கிற வண்டியில் சரக்கு தேங்காது, நம்மூர் கணக்குதான்.

காலையில் வருகிறவர் தாஹோக்காரர். தோளில் காவடி போல ஒரு கம்பு, இரண்டு பக்கமும் அலுமினிய வாளி. "தாஹோ...ஓ" என்று தெரு முழுக்க இழுப்பார். ஒரு வாளியில் வெதுவெதுப்பான சோயாப்பால் கட்டி, தயிரைவிட மெல்லியது. அதை அகன்ற கரண்டியால் ஏடு ஏடாகச் சீவிக் கோப்பையில் போட்டு, அர்னிபால் என்ற வெல்லப்பாகை ஊற்றி, ஜவ்வரிசி முத்துகளை மேலே தூவுவார். சைவக்காரர்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த வரம் இது. அதே வரிசையில் பனானா கியூ: சபா என்ற வாழைப்பழத்தைச் சர்க்கரை பூத்து ஒட்ட எண்ணெயில் புரட்டிக் குச்சியில் கோத்தது. துரோன் அதையே பலாச்சுளையோடு மெல்லிய மாவுத் தாளில் சுருட்டிப் பொரித்தது. நான் துரோன் கட்சி.

ஹாலோ-ஹாலோ என்றால் "கலக்கு-கலக்கு". உயரமான கண்ணாடி டம்ளரின் அடியில் இனிப்புப் பயறு, தேங்காய் வழுக்கை, பலா, ஜெல்லி, மேலே துருவிய ஐஸ், பால், ஊபே, ஒரு துண்டு முட்டைப் புட்டிங். இரண்டாம் உலகப் போருக்கு முன் மணிலாவில் கடை வைத்திருந்த ஜப்பானியர்களின் பயறு-ஐஸ் பண்டத்திலிருந்து வளர்ந்தது. அமெரிக்கர்கள் 1902-இல் மணிலாவில் ஐஸ் ஆலை கட்டியிராவிட்டால் இது பிறந்திருக்காது. ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவர்கள் சந்தோஷமாக முடிப்பார்கள். ஒரே ஒரு விதி: நன்றாகக் கலக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்.

உங்களை நிச்சயம் யாராவது பிறந்த நாளுக்குக் கூப்பிடுவார்கள். ஆயுசு நீள வேண்டும் என்று பான்சித் என்ற நூடுல்ஸ் இருக்கும், பக்கத்தில் சர்க்கரைப் பொங்கலுக்குப் போட்டியாக ஒரு ஸ்பாகெட்டி இருக்கும். தித்திப்புக்குக் காரணம் வாழைப்பழக் கெச்சப். மரியா ஓரோசா என்ற உணவு வேதியியலாளர் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி, இறக்குமதித் தக்காளிக்குப் பதில் உள்ளூர் வாழையில் கெச்சப் செய்து காட்டினார். போர்க்காலத்தில் ஜப்பானியர் சிறைமுகாமில் அடைபட்டவர்களுக்குச் சத்து மாவு ரகசியமாக அனுப்பியவரும் அவரே. 1945 பிப்ரவரியில் மணிலா சண்டையின்போது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். அந்த ஸ்பாகெட்டியைப் பார்த்து இத்தாலிக்காரர்கள் சிரிக்கட்டும், நான் சிரிப்பதில்லை.

சைவம் என்றால் கொஞ்சம் உஷார். "இறைச்சி வேண்டாம்" என்றால் பன்றியையும் மாட்டையும் மட்டும் நீக்கிவிட்டு, இறாலைப் போட்டு சிரித்த முகத்தோடு நீட்டுவார்கள். பினாக்பெத்தில் பாகற்காய், கத்திரி, வெண்டை, பூசணி என்று நம் காய்கள் அத்தனையும் இருக்கும், அடியில் பாகூங் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் முங்கோ, அதாவது பாசிப்பயறுக் குழம்பு, கிடைக்கும். அதிலும் பன்றித்தோல் வறுவலோ நெத்திலியோ எட்டிப்பார்க்கும். "பாகூங், பாத்திஸ், இறால், மீன்" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்வதே பிழைக்கும் வழி. பன்றி மட்டும் ஆகாது என்றால், தென்கோடி மிந்தனாவோ முஸ்லிம்களின் கடைகளைத் தேடுங்கள். வாழை இலையில் சோற்றின் மேல் உதிர்த்த கோழி வைத்துக் கட்டிய பாஸ்தில் மணிலாவிலும் கிடைக்கிறது. மரானாவோ மக்களின் பலாப்பா என்ற இஞ்சி-மிளகாய்-வெங்காயத்தாள்-தேங்காய் விழுதைச் சாப்பிட்டால், துவையலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தோன்றும்.

கடைசியில் பலூட், நீங்கள் வீடியோவில் பார்த்த அந்த வாத்துக்கரு முட்டை. மணிலாவை ஒட்டிய பத்தேரோஸ் ஊர் இதற்குப் பேர்போனது. ஆறு கெட்டபின் அங்கே வாத்து வளர்ப்பு குறைந்துவிட்டது. கருவுற்ற வாத்து முட்டையை இரண்டரை வாரம் போல அடைவைத்து, பிறகு வேகவைப்பார்கள். வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முயன்று பார்ப்பதானால் விற்பவரிடம் "பலூட் சா புத்தி" என்று கேளுங்கள். கரு இன்னும் வெள்ளைப் படலத்துக்குள் மூடியிருக்கும், இறகும் அலகும் தெரியாது. மனம் பாதி ஒப்புகிறவர்களுக்குப் பெனோய் உண்டு, அதில் கருவே வளர்ந்திருக்காது. பலூட்டின் அகன்ற பக்கத்தைத் தட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டு, முதலில் உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்ச வேண்டும். நல்ல கோழி சூப் தோற்றது. அப்புறம் உப்போ, மிளகாய் போட்ட சுகாவோ விட்டு, ஓட்டை உரித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அடியில் கல் மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி இருக்கும், அதைப் பலரும் எறிந்துவிடுவார்கள். விற்பவர் ராத்திரியில்தான் கூடையோடு வருவார். வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாமல் சாப்பிட்டுத் தொலைக்கட்டும் என்றுதான் ராத்திரியில் விற்கிறார்கள் என்று என் ஆபீஸ் நண்பர்கள் சிரிப்பார்கள். என் முதல் முட்டையை நானும் தெருவிளக்கு எரியாத பக்கமாகத் திரும்பி நின்றுதான் சாப்பிட்டேன்.